உதடு மூடாத வீடியோ

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் என் கைப்பேசி அதிகமாக அடிக்கிறது. எடிட்டிங் மென்பொருளுக்கு அண்மையில் புதிய பதிப்பு வந்திருக்கிறது. அதைப் போட்ட நாளிலிருந்து பழைய பிளகின் எதுவும் வேலை செய்யவில்லை என்று அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். பிளகின் என்றால், எடிட்டிங் மென்பொருளோடு நாமாக வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல். பூ தூவுவது, முகத்தை வெளுப்பாக்குவது, புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைத் துடைத்தெடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கிறது. "அக்கா, தாலி கட்டுற எடத்துல செவப்பா பெருக்கல் குறி வருது." "அக்கா, மாப்பிள்ளை வாய் ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் போகுது." புதிதாகத் தொழிலுக்கு வந்த பெண் ஒருத்தி, "ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு நீங்க மொத்தமா எழுதிப் போடலாமே" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். குறிப்புகளாக எழுதத்தான் நினைத்தேன். எழுத வந்ததோ தளவாய் அண்ணாச்சியும் பேச்சியம்மாளும்.

சேரன்மகாதேவியிலிருந்து காலை ரயிலில் ஏறி திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி வேலைக்குப் போய்வந்தவள் நான். கம்ப்யூட்டர் வகுப்பு முடித்த கையோடு, கல்யாண வீடியோக்களின் ஆரம்பத்தில் வரும் பெயர்களைத் தட்டச்சு செய்வதற்காகத்தான் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். மாப்பிள்ளை பெயர், அவருடைய படிப்பு, பெண்ணின் பெயர், அவளுடைய படிப்பு. அப்புறம் டேப்பிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்கு இறக்கப் பழகினேன். அப்புறம் வெட்டவும் ஒட்டவும். எடிட்டர் ஒருவர் வெளிநாடு போனதும் அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அதிலிருந்து நான் எழவில்லை.

எழவில்லை என்று சொன்னது தவறு. தளவாய் அண்ணாச்சி அடிக்கடி எழுப்பிவிடுவார். ஸ்டூடியோவின் முதலாளி அவர். வெற்றிலை போட்ட வாய், சலவைக்குப் போட்டெடுத்த வெள்ளைச் சட்டை, அதட்டாத குரல். கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் நேராக வந்து, "மொதல்ல எந்திரி" என்பார். எழுந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். "உக்காந்திருந்தா கை சும்மா இருக்காது. எதையாவது தட்டி இன்னும் கெடுத்துப் போடும்" என்பது அவர் கணக்கு. அப்படி நிற்கவைத்து இரண்டு கேள்விகள் கேட்பார். "கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு? அதுக்குப் பொறவு என்ன மாத்துன?" அவ்வளவுதான். நான் பதில் சொல்லச் சொல்லக் கோளாறு பாதி பிடிபட்டுவிடும்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. கேமராவிலிருந்து வந்த மூலப்படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. நகல் எடுத்து நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மூலத்தை எப்போது அழிக்கலாம் என்று ஒருமுறை கேட்டேன்.

"கல்யாணம் ஆனவங்க மொதப் பிள்ளைக்கு மொட்டை போட்டுட்டு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் கிடக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கடைசிவரை அதைக் கடைப்பிடித்தார். இடமில்லை என்று புலம்புவேன். புதிய டிஸ்க் வாங்கி வருவாரே தவிர அழிக்க விடமாட்டார்.

எங்கள் கேமராமேன் மாரியப்பன். கையில் கேமரா இருந்தால் சூரன். கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் வினை. ஒருநாள் ஐந்நூறு எஃபெக்ட் அடங்கிய சிடி ஒன்றைக் கடையிலிருந்து வாங்கிவந்து, "ஏக்கா, எல்லாத்தையும் ஏத்திருவோம், ஊர்ல ஒருத்தன்கிட்டயும் கிடையாது" என்றான். எனக்கும் ஆசைதான். ஏற்றினோம். அதற்குப் பிறகு மென்பொருள் திறக்கவே மறுத்தது. பாதி திறக்கும், தானாக மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று மாரியப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அண்ணாச்சி வந்தார். எந்திரி என்றார். கேள்விகளைக் கேட்டார். பிறகு, "அந்த ஐந்நூறையும் வெளிய எடுத்து வை" என்றார். எடுத்து வேறு ஃபோல்டரில் வைத்தேன். மென்பொருள் திறந்தது. "இப்பப் பாதியை மட்டும் உள்ள வை." வைத்தேன். திறந்தது. "மிச்சத்துல பாதி." திறக்கவில்லை. "அப்பொ கள்ளன் இந்தப் பாதிக்குள்ள இருக்கான்." இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனதில், மழை பெய்கிற மாதிரி காட்டும் ஒரே ஒரு எஃபெக்ட் மாட்டியது. அதைத் தூக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. இப்போதும் யாராவது கூப்பிட்டு மென்பொருள் திறக்கவில்லை என்றால் நான் சொல்வது இதைத்தான். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், பாதி பாதியாக உள்ளே வையுங்கள்.

அதே மாரியப்பன் இன்னொருமுறை, கேமராவில் வந்த ஃபைல் எடிட்டிங்கில் திறக்கவில்லை என்று, ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தை மாற்றி வைத்துவிட்டு, "கன்வெர்ட் பண்ணிட்டேன்" என்றான்.

"பேரை மாத்துனா ஆளு மாறிருவானாலே? ஒனக்கு நான் கலெக்டர்னு பேரு வச்சா போய் ஆபீஸ்ல உக்காருவியா?" என்றார் அண்ணாச்சி. மாரியப்பனுக்கு ஸ்டூடியோவில் கொஞ்ச காலம் கலெக்டர் என்றே பெயர் இருந்தது. பெயரை மாற்றுவது வேறு. படத்தையே பிரித்து வேறு வடிவத்தில் மறுபடி எழுதுவது வேறு. இரண்டாவதுதான் கன்வெர்ட். அப்படி மறுபடி எழுதும்போது என்ன போகிறது, என்ன வருகிறது என்பதை எனக்குக் காட்டியவர் பேச்சியம்மாள்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் நெல் விவசாயம் செய்கிற குடும்பம். ஸ்மார்ட்போன் வீட்டுக்கு வீடு வந்திராத காலம். மகள் செல்விக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், வீடியோ எங்களுக்குத்தான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது செல்வி ஒரு மெமரி கார்டோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். அவளுடைய அண்ணன் இசக்கிமுத்து சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு வர முடியவில்லை. கைப்பேசியில் தானே பேசிப் படமெடுத்து, விடுப்பில் ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவனிடம் கார்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். மண்டபத்தில் பெரிய திரையில் போட வேண்டும் என்றாள் செல்வி.

"போன்ல பாத்தா ஒரே இருட்டு, மூஞ்சி சுண்டு விரல் அளவுதான் தெரியுது. நெட் சென்டர்ல போட்டா சத்தம் முன்னால ஓடுது, படம் பின்னால வருது. நீங்கதான் சரி பண்ணித் தரணும்க்கா."

போகும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். "நடுவுல அண்ணன் எங்கம்மாகிட்ட என்னமோ மன்னிப்புக் கேட்டுப் பேசுதான். அதை வெட்டிருங்கக்கா. கல்யாண வீட்டுல எதுக்கு."

நான் அந்தப் பகுதியைக் கேட்டேன். வீட்டுச் சண்டை ஏதோ என்று புரிந்தது. வெட்டினேன்.

மீதி வேலை எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை. வீடியோ என்பது அடுத்தடுத்து வேகமாக ஓடும் தனித்தனிப் படங்கள்தான். வெளிச்சம் குறைந்த இடத்தில் கைப்பேசி அவற்றை ஒரே சீராக எடுக்காது. சில நொடிகளில் நிறையப் படம் எடுக்கும், சில நொடிகளில் பாதிதான் எடுக்கும். எடிட்டிங் மென்பொருளோ ஒவ்வொரு நொடிக்கும் ஒரே எண்ணிக்கையை எதிர்பார்க்கும். அதனால்தான் சத்தமும் படமும் பிரிகின்றன. அதைச் சீராக்கும் கன்வெர்ட்டர் ஒன்றில் போட்டேன். சத்தமும் வாயும் சேர்ந்துகொண்டன. பிறகு வெளிச்சம் ஏற்றினேன். இருட்டில் எடுத்ததால் முகமெல்லாம் மணல் கொட்டியதுபோலப் புள்ளிகள். அதற்கு ஒரு பிளகின் போட்டேன். முகத்தை மழமழப்பாக்க இன்னொன்று. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "கப்பல்ல எடுத்த மாதிரியா இருக்கு? நம்ம ஸ்டூடியோவுல உக்காரவச்சு எடுத்த மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் பாராட்டுவது அபூர்வம். டிவிடியில் போட்டுக் கொடுத்தனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்துச் செல்வி திரும்பி வந்தாள். கூடவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். கண்டாங்கிச் சேலை, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. வந்ததும் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"எங்கம்மாக்கா. காது கேக்காது. நான் பொறந்த பொறவு காய்ச்சல் வந்து போயிட்டு. நம்ம வாயைப் பாத்துத்தான் பேச்சைப் புடிப்பா" என்றாள் செல்வி. இதை அவள் முதலில் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றியிருக்காது.

பேச்சியம்மாள் பேசினார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஏற்ற இறக்கம் மட்டும் கொஞ்சம் கூடக்குறைய இருந்தது.

"படம் நல்லாத்தான் இருக்கு தாயி. மவன் வெளுத்திருக்கான். ஆனா அவன் ஒண்ணும் பேசலியே. வாய் சவ்வு மாதிரி இழுபடுது. மூடவே மாட்டேங்கு."

"அவன் பேசுததை நாங்க எல்லாரும் கேட்டோம்மா, சொன்னேன்லா" என்றாள் செல்வி, அம்மாவின் முகத்துக்கு நேரே நின்று.

"என்ன சொன்ன? 'நல்லா இருக்கானாம், வர முடியலியாம்'. அம்புட்டுத்தானே சொன்ன? அவன் அம்புட்டு நேரம் பேசுதான். எல்லாரும் எனக்குச் சுருக்கித்தான் சொல்லுதிய. பக்கத்து வீட்டுல அரைமணி நேரம் சிரிச்சுப் பேசிட்டு, என்னன்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'ம்பிய. அவன் ஒருத்தந்தான் எனக்கு முழுசாச் சொல்லுவான். ரெண்டு வருசமா ஒரு பேச்சு இல்ல. இப்பப் பேசியிருக்கான்னு தெரியுது, என்னன்னு தெரியல."

செல்வி தரையைப் பார்த்தாள். அம்மாவுடைய வருத்தத்தைவிட அவர் சொன்னதில் இருந்த நியாயம்தான் அவளைக் குத்தியிருக்க வேண்டும்.

அண்ணாச்சி வந்தார். எந்திரி என்று சொல்வதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். அந்த நாற்காலியில் பேச்சியம்மாளை உட்காரவைத்தார்.

முதலில் முகத்தை மழமழப்பாக்கிய பிளகினை எடுத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும். ஓட்டிக் காட்டினேன். பேச்சியம்மாள் உதட்டைப் பிதுக்கினார். அடுத்து, புள்ளிகளைத் துடைத்த பிளகினை எடுத்தேன். மணல் திரும்ப வந்தது. ஆனால் அவர் கண் மலர்ந்தது.

"இங்கன ஒரு வார்த்தை தெரிஞ்சுது. 'செல்வி'ன்னான். இன்னும் வாய் மூடல."

அதற்கு மேல் எடுக்க ஒன்றுமில்லை. சத்தத்தோடு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. காதில் 'அம்மா' என்று விழும்போது, கண்ணும் 'அம்மா' என்று பார்த்ததாகவே நம்பிவிடுகிறது. ஸ்பீக்கரை அணைத்தேன். ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன். 'அம்மா' சொல்கிற இடத்தில் உதடு எங்கேயும் மூடவில்லை. திறந்த வாயும் மூடிய வாயும் கலங்கி, ஒன்றின்மேல் ஒன்று படிந்த ஆவி மாதிரி ஒரு படம்தான் இருந்தது.

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்த மூலப்படத்தைத் திறந்தேன். அங்கே அவன் உதடு இறுக மூடியிருந்தது. ஒரே ஒரு படத்தில்தான். கைப்பேசி அந்த இருட்டில் எடுத்தது அவ்வளவுதான். கன்வெர்ட்டர் சீராக்குகிறேன் என்று முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் அதோடு கலந்து, இல்லாத படங்களைப் புதிதாக உண்டாக்கியிருந்தது. நாங்கள் போட்ட பிளகின்கள் மிச்சத்தையும் மெழுகிவிட்டன. 'ம'வும் 'ப'வும் உதடு மூடாமல் வராது. அவை போய்விட்டால் வாயைப் பார்த்துப் படிப்பவருக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

கன்வெர்ட்டரில் கலக்குவதை நிறுத்தும் வசதி ஒன்று இருந்தது. அடுத்த படம் வரும்வரை இருக்கிற படத்தையே மறுபடி மறுபடி காட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டம் வெட்டி வெட்டி இருக்கும் என்பதால் கல்யாண வேலைகளில் நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. அப்படி வைத்து, முழுப்படத்தையும் மூலத்திலிருந்து மறுபடி எழுதினேன். முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். வெளிச்சம் ஏற்றினேன். வேறெதுவும் செய்யவில்லை.

"பைய ஓட்டு தாயி" என்றார் பேச்சியம்மாள்.

வேகத்தைக் குறைத்தேன். "சத்தம் கெட்டுப் போகுமே" என்றார் அண்ணாச்சி.

"அம்மாவுக்கு எதுக்கு அண்ணாச்சி சத்தம்?" என்றாள் செல்வி.

படம் மணல் மணலாக, வெட்டி வெட்டி ஓடியது. பேச்சியம்மாள் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். அவன் வாய் அசைய அசைய, ஒரு நொடி பிந்தி அவர் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

"'அம்மா... செல்வி கல்யாணத்துக்கு வர முடியல... மாப்பிள்ளைகிட்டச் சொல்லு, கோவிச்சுக்கிட வேண்டாம்னு...'"

நாங்கள் வெட்டிய பகுதி நெருங்கியது. மூலத்திலிருந்து எடுத்ததால் அது முழுசாக இருந்தது. நான் செல்வியைப் பார்த்தேன். என் கை மவுஸ்மேல் இருந்தது. நிறுத்தினால் நிறுத்திவிடலாம்.

"ஓடட்டும்க்கா" என்றாள்.

"'அன்னைக்கு வீட்டை விட்டுப் போவும்போது... கதவுப் பக்கம் திரும்பி நின்னு ஒண்ணு சொன்னேன்... நீ பாக்கலன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்... அதைச் சொன்ன வாயோட ஒன் முன்னால வந்து நிக்கக் கூச்சமா இருக்கும்மா...'"

பேச்சியம்மாள் நிறுத்தினார். நானும் படத்தை நிறுத்தினேன். அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னான்?"

அவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வருடமாக மகன் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருந்த அந்த வார்த்தை அவரிடம் வந்து சேரவே இல்லை. கப்பலுக்குப் போகாதே என்று தான் மறித்ததால்தான் பேசாமல் இருக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏட்டி, ஒன்னையத்தான். நீ அங்கன நின்ன. என்ன சொன்னான்?"

செல்வி என்னைப் பார்த்தாள், அண்ணாச்சியைப் பார்த்தாள். ஒண்ணுமில்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அம்மாவின் முன்னால் குனிந்து, முகத்துக்கு நேராக முகம் வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"'காது கேக்காதவகிட்டப் பேசுததும் செவுத்துகிட்டப் பேசுததும் ஒண்ணுதான்'னான்."

அண்ணாச்சி, "காப்பி சொல்லிட்டு வாரேன்" என்று வெளியே போனார்.

பேச்சியம்மாள் திரையில் உறைந்து நின்ற மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தே கேட்டார்.

"செவுத்துகிட்டயா? அப்பொ இம்புட்டு நேரம் யாருகிட்டலே பேசிக்கிட்டு இருக்க?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். செல்வி அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மீதியையும் ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். அண்ணாச்சி காப்பி இல்லாமலே திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு படம் செய்தோம். மண்டபத்துக்குச் சத்தத்தோடு ஒன்று; நடுப்பகுதி வெட்டியது. பேச்சியம்மாளுக்குச் சத்தமில்லாமல் ஒன்று, முழுசானது. கிளம்பும்போது அவர் கேட்டார். "கார்டு கொண்டாந்த பையன் திரும்பக் கப்பலுக்குப் போறானாம். நானும் ரெண்டு வார்த்தை பேசி அனுப்பணும். எடுத்துத் தாரியளா?"

மாரியப்பன் விளக்குப் போட்டு, கேமராவை நிறுத்தி, சேலையில் மைக் மாட்டிவிட்டான். பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நிறையப் பேசினார். கையை நீட்டினார், விரலை ஆட்டினார், இடையில் சிரித்தார். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த மாரியப்பன் பதறிவிட்டான்.

"அண்ணாச்சி, சத்தம் ஏறல!"

நான் ஓடிப்போய் மைக்கின் ஒயரை ஆட்டிப் பார்த்தேன். மாற்றி மாட்டினேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒயரை ஏன் தாயி புடிச்சு ஆட்டுத? நான்தான் சத்தம் போடல. அவனும் என் வாயைப் பாத்துப் படிக்கட்டும்."

அந்தப் படத்தில் நாங்கள் ஒரு பிளகினும் போடவில்லை. கேமராவில் எப்படி இருந்ததோ அப்படியே கார்டில் ஏற்றிக் கொடுத்தோம்.

கல்யாணம் முடிந்து, மறு அறுவடை நேரத்தில், கறுத்து உயர்ந்த இளைஞன் ஒருவன் ஸ்டூடியோவுக்கு வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்தான். இருட்டில் எடுத்த அந்த முகத்தை ஒவ்வொரு படமாகப் பார்த்தவள் என்பதால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கே கிடையாதுக்கா. கப்பல்ல இருக்குத நம்மூர்ப் பயலுவ எல்லாரும் சுத்தி உக்காந்து பாத்தானுவ. ஆளுக்கு ஒண்ணு சொல்லுதான். திட்டுனது பூராவும் புடிச்சுட்டோம். கடைசி வரி மட்டும் தெரியவே இல்ல. அதைக் கேக்கத்தான் லீவு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்."

"அம்மாகிட்டக் கேட்டியளா?"

"வந்து எறங்குன ஒடனே கேட்டேன்."

"என்னவாம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"'ஒருக்கா வந்துட்டுப் போலே'ன்னு சொல்லியிருக்காக்கா."